ஆடிக் காற்றும் என் தாடியும்

நெடுந்தீவு, ஆடி மாதம், 1956

சௌபாக்கியவதி பவுனம்மாளுக்கு வீரமலை எழுதிக்கொள்வது. கடையில் நான் சுகம். நிறைமாதக்காரி உன்னைச் சமயபுரத்தாள் பார்த்துக்கொள்ளட்டும்.

பிரசவத்துக்குள் திருச்சி வந்துவிடலாம் என்று மூட்டை கட்டிக்கொண்டு கரையிலேயே கிடந்தேன். ஆடிக் காற்றில் ஒரு வள்ளமும் கிளம்பவில்லை. இன்றுதான் கடல் தணிந்தது. ஓடிப்போய் ஏறினேன். வள்ளக்காரர் சந்தியாப்பிள்ளை என் தாடியைப் பார்த்து, "மனுசி பிள்ளைத்தாச்சியோ?" என்றார். நானும் அசடு மாதிரி ஆமாம் என்று பல்லைக் காட்டினேன்.

"அப்ப இறங்கும். பிள்ளைத்தாச்சியின்ர புருசன் கடல் தாண்டக் கூடாது. பிள்ளை பிறக்கட்டும், முதல் ஆளா ஏத்துறன்" என்றார். சிரிக்காதே, நிஜம்.

தாடியை வழித்துவிட்டு வேறு வள்ளம் பார் என்கிறார் கடை முதலாளி. வழித்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா வளர்க்கச் சொன்ன தாடி. கத்தியை எடுத்தேன், திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியை இப்போதே பேசி வை. கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு, இங்கே சோறு இறங்கவில்லை. குழந்தை யார் சாயல் என்று யாரையாவது உடனே எழுதச் சொல்.

வள்ளம் புறப்படுகிறது. என்னை ஏற்றாத மனுஷர், இந்தக் கடிதத்தைப் பத்திரமாகச் சேர்க்கிறேன் என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

வீரமலை