ஆண் ஈயின் இறக்கைப் புள்ளி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், உனக்கும் மாப்பிள்ளைக்கும் அங்கே ஒரு குறையும் இருக்காது என்றே வைத்துக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. எனக்குத்தான் இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை, காரணம் நீ. போனில் உன் குரலைக் கேட்டால் என் கோபம் நொண்டியடித்துவிடும், அதனால்தான் கடிதம்.

அத்தையின் கொய்யாத் தோப்பில் பிடித்த குட்டி ஈயைப் படமெடுத்து அனுப்பினேன் அல்லவா, இறக்கை நுனியில் கறுப்புப் புள்ளி உள்ளது. அரை மணி நேரத்தில் பதில் போட்டாய், நல்ல பழத்தையே கிழித்து முட்டையிடும் ஈ, மரங்களை விட்டுவைக்காதீர்கள் என்று. அத்தை அதை அப்படியே பயிர் அதிகாரியிடம் காட்டினாள். வெளிநாட்டில் பூச்சி ஆராய்கிறவரே சொன்ன பிறகு நான் என்ன பார்ப்பது என்று அவர் ஈயைத் திரும்பியும் பார்க்காமல் வெட்டச் சொல்லிவிட்டார். நூற்றிருபது மரத்தில் நாற்பது விழுந்தாயிற்று.

என் மேலும் தப்பு இருக்கிறது. புள்ளி ஆணுக்குத்தான் உண்டு, அழகாக இருக்கிறதே என்று அதை மட்டும் அனுப்பினேன். ஆனால் அதே புள்ளி நல்ல பழத்தைத் தொடாத இன்னொரு ஈயின் ஆணுக்கும் உண்டு; முட்டையிடுவது பெண் ஆயிற்றே, பெண் ஈ எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நான் பதினேழு பெண் ஈக்களைப் பிடித்து லென்ஸில் பார்த்தேன். நல்ல பழத்தைக் கிழிக்கும் ஈக்கு முட்டையிடும் உறுப்பில் ரம்பம்போலக் கறுத்த பற்கள் இருக்கும், இவற்றில் ஒன்றுக்கும் இல்லை. என் கண்ணை நானே நம்பாமல், வலைக்குள் பத்து நல்ல பழமும் பத்து வெடித்த பழமும் வைத்து ஈக்களை விட்டேன். ஆறாம் நாள் வெடித்த பழங்களில் மட்டும்தான் புழு, நல்ல பழத்தை இந்த ஈ தொடவே இல்லை. இதைப் போனில் சொன்னதற்கு நீ சொன்னது, "உங்க கண்ணுக்கு எழுபத்தாறு வயசுப்பா, சந்தேகம்னா வெட்டிடறதுதான் சேஃப்." யார் தோப்பை வெட்டுவது, யாருக்கு சேஃப்?

அத்தையிடம் ஓடினேன். ஆட்களுக்கு டீ ஊற்றிக்கொண்டே சிரிக்கிறாள். "பூதக்கண்ணாடி அண்ணா, பொண்ணு படிப்புக்கே போட்டியா? அவ சொன்னா சரியாத்தான் இருக்கும், போய் உக்காரு." உன் மேல் அவளுக்கு எள்ளளவும் வருத்தமில்லை, வெட்டிய கிளைகளைத் தானே ஓரமாக இழுத்துப் போடுகிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்றுக் காலை ஈக்களையும் பழங்களையும் எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். என் மகள் சொன்னது தவறு என்று முதல் வரியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். ஆய்வக முடிவு வரும்வரை வெட்டுவதை நிறுத்தச் சொல்லித் தாள் கொடுத்தார். எண்பது மரம் நிற்கிறது. நானே தப்பாகவும் இருக்கலாம், இருந்தாலும் நான் பெண் ஈயைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

நீ தீர்க்காயுளோடு நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள் என்கிறாள் அம்மா. எனக்குப் பதில் வேண்டாம், அத்தைக்கு எழுது. பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று உன் கையால் எழுது. அவள் உன்னைத் திட்டமாட்டாள், அதற்காகவாவது எழுது.

ஆசிகளுடன், கோபம் இன்னும் ஆறாத
அப்பா