சிவப்பு விளக்கும் உங்கள் படகும்

இன்று காலை உங்கள் சார்ஜர் என் மேசையில் கீச்சிட்டது. வரிசையிடாமல் எழுத எனக்கு வராது. ஆகவே, சொல்லப்போகிறவை:

1. சார்ஜர் ஏன் கீச்சிட்டது.
2. உப்பு எங்கே ஒளிந்திருந்தது.
3. பேட்டரியைப் பேணுவதில் நீங்கள் மகா சோம்பேறி.

இன்று உங்கள் முதலாண்டு நினைவுப் பூசை. நேற்றே உங்கள் மனைவி கூப்பிட்டு, “சாயங்காலம் ஆத்துல அவங்க ரிமோட் படகை ஒரு சுத்து விட்டுக் காட்டுங்கண்ணே. ஓடுமா?” என்று கேட்டார். ஓடும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஓராண்டு பெட்டிக்குள் கிடந்த லித்தியம் பேட்டரி. அந்தப் படகுக்கு வேறு கிடையாது. உப்பியிருந்தால் தொடவே கூடாது.

நல்லவேளை, உப்பவில்லை. ஆனால் மாட்டியதும் சிவப்பு விளக்கு, கீச்சொலி. சட்டென்று கழற்றினேன். அரசலாற்றங்கரையில் நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து சிரித்தும்விட்டேன்: “செவப்பு லைட்டு எரிஞ்சா ஏன் சார் பயப்படுறீங்க? எங்க மாதா கோயில்லயுந்தான் நாள்பூரா எரியுது!”

முறைப்படி போனேன். என் சின்னப் படகின் பேட்டரியை மாட்டினேன், ஒழுங்காக ஏறியது. ஆக, சார்ஜரில் குறையில்லை. அடுத்து, உங்கள் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் நிலையையும் சார்ஜருக்குச் சொல்லும் வெள்ளை பிளக். உள்ளே ஒரு தகட்டில் பச்சை பூத்திருந்தது. முகத்துவாரத்தில் அலை தெறிக்கத் தெறிக்க விட்டோமே, அந்த உப்புதான். பழைய பல் பிரஷை ஸ்பிரிட்டில் தொட்டுத் தேய்த்தேன். கீச்சொலி நின்றது. மூன்று செல்களும் ஒன்றுபோல் பாதி அளவில் இருப்பதாகத் திரை காட்டியது. அப்போதிருந்த மகிழ்ச்சியில் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

சாயங்காலம் படகு சீறிக்கொண்டு போனது. “தோணியில மோதப்போவுது, இங்க குடுங்கண்ணே!” என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டார் உங்கள் மனைவி. உங்களைவிட நன்றாகத் திருப்புகிறார். இருட்டும்வரை எனக்குத் திருப்பித் தரவில்லை.

வீட்டுக்கு வந்து இதை எழுதும்போதுதான் அந்தப் பாதி அளவு உறைக்கிறது. ஓடி முடிந்த பேட்டரியைப் பாதி ஏற்றி வையுங்கள், அப்போதுதான் கெடாது என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! “பேட்டரியா ஊறுகாயா சார், பதம் பாத்து எடுத்து வைக்க?” என்பீர்கள். பாதி அளவு தானாக வராது. யாராவது சார்ஜரில் பாதியோடு நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் நீங்கள்தான் அழுத்தியிருக்கிறீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

மூன்றாவது குறிப்பு தவறு.