வயிற்றில் விளக்கேற்றும் மீன்

உங்கள் கைப்பேசி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் போனது அதற்குத் தெரியவில்லை. இன்று காலையும் உங்களுக்குப் பிடித்த கடல் மீன் வீடியோக்களையே கொண்டுவந்து காட்டியது.

சிங்காரப்பேட்டை ஏரியைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத மனிதருக்குக் கடல்மேல் அப்படி என்ன மோகமோ! ஜூஜுவாடி வாடகை வீட்டில், சாப்பாட்டை ஆறவிட்டு எனக்கும் நம் மகளுக்கும் அந்த வீடியோக்களைக் காட்டுவீர்கள். வெயில் மங்கி, இருட்டும் முழுதாகக் கவியாத ஆழம். அங்கே ஒரு சின்ன வெள்ளி மீன். கீழே பசியோடு திரிகிற பெரிய மீன் அண்ணாந்து பார்த்தால், மேலிருந்து வரும் மங்கல் வெளிச்சத்தில் இதன் உடம்பு கறுப்பாகத் தெரிந்துவிடும். அதனால் அந்த வெளிச்சத்தின் அளவுக்கே தன் அடிவயிற்றிலும் விளக்கேற்றிக்கொள்ளும். நிழல் மறைந்துவிடும். வெளிச்சம் போட்டு ஒளிந்துகொள்கிற பிராணியும் உண்டா என்று நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள், இருமல் வரும்வரை.

உங்களுக்கு இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியில் வார்ப்புகளைத் தேய்க்கும் வேலை. மற்ற வீட்டு ஆண்கள் கரிமூஞ்சியோடு வருவார்கள். நீங்கள் கம்பெனிக் குழாயிலேயே குளித்து, சட்டை மாற்றி, பவுடர் போட்டுக்கொண்டு வருவீர்கள். தினமும் மாப்பிள்ளை வருகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். எனக்குப் பெருமை பிடிபடாது.

கிருஷ்ணகிரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெஞ்சு முழுக்கத் தூசி. எத்தனை நாளாக இப்படி என்று அவர் உங்களைக் கேட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் என்னிடம் சொன்னீர்கள்.

“தெரிஞ்சா நீ என்னை வேலைக்கு வுட்டிருக்க மாட்டே. பாப்பா படிப்பு நின்னுருக்கும்.”

அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. திட்டலாம் என்றால் நீங்கள் இல்லை.

பாப்பா படித்து முடித்து வேலைக்குப் போகிறாள். நீங்கள் போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. கல்நெஞ்சக்காரி என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். இன்று காலை ஷிப்டுக்குக் கிளம்பி வந்தவள், என் கையிலிருந்த உங்கள் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்த அந்த மீனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். உங்கள் சிரிப்பேதான். முகத்தில் திட்டுத் திட்டாகப் பவுடர்.

முந்தானையால் அவள் முகத்தை அழுந்தத் துடைத்தேன். கண்கள் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

“எங்கிட்ட மறைக்காத பாப்பா. ஒருத்தர் மறைச்சது போதும்.”

தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். வாசலில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவளை விடாமல் பிடித்துக்கொண்டேன். பஸ் போய்விட்டது.