பதினேழாம் தேதித் தாள்

மரக்காணம்
4.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு ஜெனிதா எழுதுவது.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. முதலில் என் கண்ணில் பட்டது உன் முகம் இல்லை. நீங்களெல்லாம் சேர்ந்து கேக் வெட்டுகிறீர்கள், மேலே 'விபத்தில்லாத 500 நாட்கள்' என்று பேனர். அதன் பக்கத்து இரும்புத் தூணில் எலுமிச்சம்பழம் அளவில் ஏதோ ஒன்று. அதற்குப் பாலித்தீன் பை மாட்டி ரப்பர் பாண்ட் போட்டிருக்கிறது. அது என்ன அண்ணா?

போனில் நான் பேசவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நடுக்கடலில் உன் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்கு வாய் வராது. பத்தாவதோடு நின்றவளுக்கு எழுதத்தான் வரும்.

அளத்தில் இந்த வருடம் உப்பு நன்றாக இறங்குகிறது. அப்பா விடியலில் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார். தவக்காலம் என்று அம்மா மீன் வாங்குவதில்லை. நான் எழுதிக் கொடுத்த தாள்கள் சரியாக இருந்தனவா? உன் ஆபீசர் உன்னுடையது என்று நினைத்து என் கையெழுத்தைப் புகழ்ந்தார் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கு வெளியே போகவே கூச்சமாக இருக்கிறது.

உன் தங்கை
ஜெனி


ரிக்கிலிருந்து
9.3.2024

அன்புத் தங்கை ஜெனிக்கு,

போட்டோ எடுத்தவர், பிரிண்ட் போட்டவர், நோட்டீஸ் போர்டில் ஒட்டியவர் யாருக்கும் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டது. பொல்லாத கண் உனக்கு.

அதுதான் கேஸ் டிடெக்டர், இருபத்திரண்டாம் நம்பர். கடலுக்கடியில் எண்ணெய்க்குத் துளை போடும்போது உள்ளே செலுத்தும் சேறு திரும்ப மேலே வரும். அதோடு சில நேரம் தீப்பிடிக்கிற வாயுவும் வரும். மூக்குக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்துக் கத்துவது இதன் வேலை. இப்படி நாற்பது இருக்கிறது. நாற்பதையும் சோதிப்பது என் வேலை.

டெக்கைக் கழுவும்போது தண்ணீர் பட்டால் பொய்யாகக் கத்தும். கத்தினால் ரிக் முழுக்க வேலை நிற்கும். "டேய் சார்லஸ், உன் கொழந்த அழுவுது, வந்து தூக்கு" என்று மேனேஜர் மைக்கில் கூப்பிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அதனால் கழுவும்போது பை மாட்டுவோம், பிறகு கழற்றுவோம். இந்த ஒன்று சும்மாவே கத்துகிறது என்று பையை அப்படியே விட்டிருக்கிறேன். சோதிக்கிற வாயு சிலிண்டரும் தீர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. கேட்டால், "வரும் வரும்" என்கிறார்கள்.

பயப்படாதே. இது ஒன்று இல்லாவிட்டாலும் அடுத்து நாலு காவல் இருக்கிறது. கிணற்றையே மூடிவிடும் பெரிய வால்வு இருக்கிறது.

பத்தொன்பதாம் தேதி நம் பக்கத்து ஊர் பிரம்மதேசத்து ராஜ்கமல் வந்து என்னை மாற்றுவான். நான் ஊரில் இருக்கும் இருபத்தெட்டு நாளும் இந்த நாற்பதும் அவன் பொறுப்பு. அம்மாவிடம் நெத்திலி வாங்கி வைக்கச் சொல். தவக்காலம் எனக்கு இல்லை.

அன்புடன்
சார்லஸ்


மரக்காணம்
13.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நெத்திலி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "அவனுக்கு மட்டும் தனியா ஒரு சாமி" என்றாள். ஆனால் நிச்சயம் வாங்குவாள்.

அண்ணா, நீ போன லீவில் இருந்தபோது கூடத்தில் பாயைப் போட்டு, வரப்போகும் இருபத்தெட்டு நாளுக்கும் டிடெக்டர் சோதனைத் தாள் எழுதினோம். "போன மாசத்தப் பாத்து எழுது ஜெனி, நம்பர மட்டும் லேசா மாத்திக்க" என்றாய். சில நாளுக்கு நீலப் பேனா, சில நாளுக்குக் கறுப்புப் பேனா கொடுத்தாய். பிப்ரவரி பத்தாம் தேதி உட்கார்ந்து மார்ச் பதினேழாம் தேதிக்கு எழுதினேன். இருபத்திரண்டு: உறை இல்லை, சோதித்தது, வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் எழுதினாலும் அர்த்தம் தெரிந்துதான் எழுதினேன். ஆபீசுக்குக் காட்டுகிற சடங்கு என்று நினைத்தேன்.

அப்பா பாத்தியில் இறங்கித் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டிகிரிக் குழாயை விட்டுப் பார்த்துத்தான் மடை திறக்கிறார். அடுத்த மாதத் தண்ணீரின் டிகிரியை இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து சொல்லச் சொன்னால் என்ன திட்டு திட்டுவார்?

நாலு காவல் இருக்கிறது என்கிறாய். அந்த நாலுக்கும் யார் தாள் எழுதுகிறார்கள்? அவர்கள் வீட்டிலும் என்னை மாதிரி ஒரு தங்கை இருக்கிறாளா?

கிளம்பும் முன் பையைக் கழற்றிவிடு. இல்லையென்றால் ராஜ்கமல் அண்ணனிடம் வாயால் சொல்லிவிடு. இனி நான் எழுத மாட்டேன்.

உன் தங்கை
ஜெனி


காக்கிநாடா, லாட்ஜ்
30.3.2024

ஜெனிக்கு,

கம்பெனி திருப்பிக் கூப்பிட்டது விசாரணைக்குத்தான் என்று உனக்கே தெரிந்திருக்கும். வீட்டில் இருந்த ஆறு நாளும் நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குள் இருபத்துமூன்றாம் தேதி அங்கே இப்படி ஆகிவிட்டது.

சேற்றோடு வாயு வந்திருக்கிறது. அலாரம் கத்தவில்லை. சேற்றை வடிகட்டும் சல்லடைப் பக்கம், அந்த இருபத்திரண்டு இருக்கும் இடத்தில், தீப்பிடித்தது. வால்வை மூடிவிட்டார்கள், அதனால் மற்ற எண்பது பேரும் தப்பித்தார்கள். ராஜ்கமல் மட்டும் பக்கத்தில் நின்றிருக்கிறான். முகம் தப்பியது. கைகள் இரண்டும் வெந்துவிட்டன.

உருகின பையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பதினேழாம் தேதித் தாளில் உறை இல்லை, வேலை செய்கிறது என்று இருக்கிறது. ஆகவே பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு வந்தவன்தான் பையைக் கட்டியிருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும், அது என் கையெழுத்து என்றேன்.

அலமாரியில் இருக்கும் அந்தப் போட்டோவையும் என் கடிதங்களையும் அடுப்பில் போட்டுவிடு. அப்பாவிடம் எதுவும் பேசாதே. நாளைக்கு ஈஸ்டர். எனக்காக ஜெபம் செய்.

சார்லஸ்


மரக்காணம்
5.4.2024

அண்ணனுக்கு,

ஈஸ்டர் பூசைக்குப் போனேன். உனக்காக ஜெபம் வரவில்லை.

நேற்று அம்மாவும் நானும் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ராஜ்கமல் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தையல்நாயகி அக்கா வராந்தாவில் இருந்தார். "இவரே பைய மாட்டிட்டாருன்னு சொல்றாங்களேம்மா. பாத்ரூம் பக்கெட்டக் கூட மூடி வெக்க மாட்டாரு இந்த மனுஷன்" என்று சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கடவுள் பாத்துப்பாரு" என்றாள். பையைப் பற்றி அம்மாவுக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கே ஒன்று கேள்விப்பட்டேன். அந்தப் பக்கத்தைச் சோதிக்கும் நாள் அவருக்கு இருபத்தாறாம் தேதி. அதுவரை உன் தாளைத்தான் நம்பியிருக்கிறார். உன் தாள் என்றால் என் எழுத்தை.

ஒன்றே ஒன்று சொல். என் பதின்மூன்றாம் தேதிக் கடிதம் உனக்கு வந்ததா?

ஜெனிதா


காக்கிநாடா
9.4.2024

ஜெனி,

வந்தது. பதினாறாம் தேதி படித்தேன்.

கழற்றத்தான் போனேன். கழற்றினால் கத்தும். கத்தினால் காரணம் எழுத வேண்டும், ஆளை நிறுத்தி வைப்பார்கள், ஹெலிகாப்டரை விட்டுவிடுவேன். இருபத்தெட்டு நாள் தண்ணீரையே பார்த்தவனுக்கு ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியாது. ஹெலிபேடில் ராஜ்கமலைப் பார்த்தேன். "எல்லாம் ஓகேவாடா?" என்றான். "பேப்பர்ல இருக்குதுடா" என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

இனி என்ன செய்யச் சொல்கிறாய்? வெள்ளிக்கிழமை சுப்ராயன் என்கிற என்ஜினியர் புதுச்சேரி வந்து, தவறு தன்னுடையது என்று ராஜ்கமலிடம் எழுதி வாங்குவார். அவனுக்கு வைத்தியம் நடக்கும், கம்பெனி கைவிடாது. எனக்கு வேலை இருக்கும். எல்லாருக்கும் அதுதான் நல்லது.

நீ வாயைத் திறந்தால் நான் ஜெயிலுக்குப் போவேன். எழுதினவள் நீ, உன்னையும் விடமாட்டார்கள். கடையில் உப்பு கேட்கவே கூச்சப்படுகிறவள், பள்ளிக்கூடத்தை விட்டவள். உன் பேச்சை யார் கேட்பார்கள்? போட்டோவை எரித்தாயா?

சார்லஸ்


மரக்காணம்
13.4.2024

அண்ணனுக்கு,

எரிக்கவில்லை. நேற்று காலை பஸ்ஸில் தனியாகப் புதுச்சேரி போனேன்.

நான் போனபோது எழுத்து வேலை எல்லாம் முடிந்திருந்தது. ராஜ்கமல் அண்ணனுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. கைநாட்டு வைக்க முடியாது என்று அவர் கால் பெருவிரலில் ஊதா மை தடவிக்கொண்டிருந்தார்கள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நீ? சொந்தமா?" என்றார் சுப்ராயன் சார். எனக்குக் குரல் வரவில்லை. "வாயத் தொறந்து சொல்லும்மா, டைம் இல்ல." அப்போதும் வரவில்லை. தையல்நாயகி அக்காதான், "சார்லசு தங்கச்சிங்க அது. ஏம்மா, உங்க அண்ணன் அனுப்புனானா? இன்னும் என்ன வேணுமாம் அவனுக்கு?" என்றார். நீ சொன்னது சரிதான். என்னால் பேச முடியவில்லை.

போட்டோவையும் உன் மூன்று கடிதங்களையும் கட்டிலின் மேல் வைத்தேன். மேசையில் இருந்த சுப்ராயன் சாருடைய பேனாவை எடுத்தேன். ஒரு வெள்ளைத் தாளில், பதினேழாம் தேதி, இருபத்திரண்டாம் நம்பர், உறை இல்லை, சோதித்தது, வேலை செய்கிறது என்று அன்று எழுதின மாதிரியே எழுதினேன். கீழே என் பெயர், அப்பா பெயர், நம் தெரு, பிப்ரவரி பத்து என்ற தேதி எல்லாம் போட்டேன். அவர் பைலைத் திறந்து, நீ கையெழுத்துப் போட்ட தாளுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன்.

ஜெனிதா