ஆறாவது மாடியில் நிற்காத லிஃப்ட்

மார்ச் 4

பிசியோதெரபிக்காரர் வந்து போனார். பக்கவாதத்தில் விழுந்த என் வீட்டுக்காரர் இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடம் முழுக்க நடந்துவிட்டார். சமதளத்தில் பயமில்லையாம். படி மட்டும் இனி கூடவே கூடாதாம். அதை இவர் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். மனுஷனுக்கு ஒரு இங்கிதம் வேண்டாமா?

எங்கள் கட்டடத்து லிஃப்ட், கீழ்த்தளத்தை விட்டால் நாலு, ஏழு, பத்து மாடிகளில் மட்டும்தான் நிற்கும். ஆறாவது மாடியில் இருக்கிற நாங்கள் ஒரு மாடி ஏறிப் போய்த்தான் பிடிக்க வேண்டும். அறுபது வருஷத்துக்கு முன்னால் கட்டியவரின் யோசனை அது. மூன்று மாடிக்காரர்களும் ஒரே இடத்தில் இறங்கினால் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகுவார்களாம்.

மார்ச் 9

ஆஸ்பத்திரி. இவரை நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் ஏழாவது மாடிக்குத் தூக்கிப் போனார்கள். திருப்பத்தில் நாற்காலி சாய்ந்து, இவர் தோள் சுவரில் இடித்துக்கொண்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "நாலு பேர் தூக்குறது ஒரு தடவைதான் இருக்கணும். இனிமே என்னைத் தூக்க விடாதே."

மார்ச் 10

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. ஆறாவது மாடியில் லிஃப்டுக்கு ஒரு கதவு வேண்டும் — அவ்வளவுதான்.

மார்ச் 27

பாரம்பரியக் கட்டடக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்தாள். மகள் வயதுதான். கதவு வைப்பதென்றால் லிஃப்ட் சுவரை உடைக்க வேண்டும். பூசாத கான்கிரீட்; சென்ட்ரிங் பலகையின் மரரேகை அதில் அப்படியே பதிந்திருக்கும். தடவித் தடவிப் பார்த்தாள்.

"முடியாதும்மா. இங்க எதெல்லாம் தொடக்கூடாதுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? முதல்ல இருக்கறதே லிஃப்ட்தான்."

ஆமாம், நான்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் பில்டர் இடிக்க வந்தபோது வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியது நான். பழைய வரைபடங்களைத் தேடிப் பிடித்துக் கட்டடத்தின் கதையை எழுதினேன். கீழே சுவரே இல்லாமல் தூண்கள்மேல் நிற்பது, வெயிலை மறிக்கும் நெட்டுத் தடுப்புகள், இந்த லிஃப்ட், ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு புதுக் கட்டடத்துக்குப் பாரம்பரிய அந்தஸ்தா என்று கேலி செய்தார்கள். கிடைத்தது. வாசலில் பலகை திறந்த அன்று குழந்தை மாதிரி அழுதேன்.

நாளைக்கே யாராவது இடிக்க வந்தாலும் குறுக்கே நிற்பேன். அதுதான் கொடுமை.

இவரிடம் சொன்னேன். பாதி வாயால் சிரித்தார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். எத்தனை பேர் கையக் காட்டினாங்க! ஸ்டாப்பிங் இல்லாத இடத்துல ஒருத்தருக்காவது நிறுத்தியிருப்பேனா?"

ஏப்ரல் 2

இன்று குளிக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். யார் பார்க்கப் போகிறார்களாம்.

ஏப்ரல் 6

அந்த லிஃப்ட் சுவரைக் கையால் குத்தினேன். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. பைத்தியமா எனக்கு?

வித்துட்டுப் போயிடலாமா என்று கேட்டேன். "நீ இதை விட்டுட்டு இருந்துடுவியா?" என்றார். இருந்துவிடுவேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 11

பல் டாக்டர் வந்தார். எங்களுக்கு நேர் மேலே, ஏழாவது மாடி. பில்டருக்கு விற்க முதலில் சம்மதித்தவர். காரியத்தைக் கெடுத்தது நான் என்று இந்த ஒன்பது வருஷமும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. கட்டியவரின் யோசனை எங்கள் விஷயத்தில் எடுபடவே இல்லை. லிஃப்டில் சேர்ந்து போனால் அவர் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேல கீழ எல்லாம் ஒரே அளவு வீடுதான். நீங்க மேல வாங்க, நாங்க கீழ வர்றோம். பத்திரம் அது இதெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம்."

ஏன் என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

"அன்னைக்கு அவரைத் தூக்கிட்டு வந்தப்ப நான் கதவைத் திறந்தேன். அவர் கண்ணை மூடிக்கிட்டார். அது மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது." வாசல்வரை போய்த் திரும்பினார். "உங்க மேல உள்ள கோபம் அப்படியேதான் இருக்கு. அது வேற, இது வேற."

குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவருக்குக் கேட்கக் கூடாதே.

மே 1

வீடு மாறிவிட்டோம். மேலே ஏற்ற இன்னும் ஒரே ஒரு தடவை தூக்க வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டார். பல் டாக்டர் முன்பக்கம் பிடித்தார். திருப்பத்தில் இவர், "லெஃப்ட்ல ஒடிங்க டாக்டர், லெஃப்ட்ல" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார்.

கீழ்வீட்டில் இப்போது அவர்கள் சாமான் நகர்த்தும் சத்தம். இனி மழையோ வெயிலோ, படி ஏறுவது அவர்கள். நன்றி என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மே 9

சாயங்காலம் வாக்கரோடு கீழே கிளம்பினார். "கூட வராதே" என்றார். சட்டைப் பித்தானைக்கூடப் போட்டுவிட விடவில்லை. லிஃப்ட் கதவு மூடும்வரை நின்றேன்.

ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஏழரை ஆகிறது. தூண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் பால்கனியிலிருந்து தெரியாது. யாரோடு வாயளந்துகொண்டிருக்கிறாரோ! சாப்பாடு ஆறிப்போகிறது, மாத்திரை வேறு இருக்கிறது. எங்கே போய்த் தொலைந்தார் இந்த மனுஷன்? வரட்டும், வைத்துக்கொள்கிறேன்.