வண்டியில் வேண்டாத பாரம்

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகன் பீமாராவுக்கு அம்மா எழுதுவது. நான் சொல்லச் சொல்லக் கலைமதி அவளுடைய பள்ளிக்கூடத் தமிழில் எழுதுகிறாள். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பித்தாள், நான்தான் அதை அடிக்கச் சொன்னேன். நானும் உன் தங்கையும் நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். வல்லத்து நெடுமாறன் இன்று ராத்திரி நீ இருக்கிற ஊருக்கு விமானம் ஏறுகிறான், நாளைக்கு இது உன் கைக்கு வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறான். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நம் வீட்டு போன் எந்நேரமும் உன் நைனா தலைமாட்டில் இருக்கிறது, அவர் காதில் விழாமல் பேச முடியாது. எதிர்வீட்டு லட்சுமியம்மாள் போனை வாங்கி இரண்டு தரம் உன்னைக் கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் சாப்டியா என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை, வைத்துவிட்டேன்.

நைனாவுக்குக் கிட்னி போனதும், செவ்வாயும் வெள்ளியும் திண்டிவனத்துக்கு டயாலிசிஸுக்குப் போய்வருவதும், அவருடைய ஷேர் ஆட்டோவை இப்போது நான் ஓட்டுவதும் உனக்குத் தெரிந்ததுதான். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த விதம்தான் உனக்குத் தெரியாது. பின்சீட்டில் படுத்துக்கொண்டே எல்லாம் சொல்வார். எடுத்த எடுப்பில் முறுக்காதே, வண்டி நகர்ந்ததும் அடுத்த கியருக்குப் போ, கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஓட்டினால் டீசலும் போகும் பிளேட்டும் போகும், நாற்பதிலேயே நிதானமாகப் போ, பின்னால் ஹாரன் அடிக்கிறவன் உனக்கு டீசல் போடப்போவதில்லை என்பார். வல்லம் தாண்டினால் ரோட்டின் பாதியில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், அதைக் கண்டு கிட்டே போய்ப் பிரேக் அடித்தால் அவருக்குப் பொறுக்காது. இன்னாடி, கண்ணு ரோட்டுல இருக்குதா இல்ல டயர்ல இருக்குதா, தூரத்திலேயே பார்த்து ஆக்சிலேட்டரை விட்டுடு, வண்டி தானாகவே அடங்கும், நீ பிரேக் மிதிக்கிற ஒவ்வொரு தரமும் எரிச்ச டீசலைக் கீழே கொட்டறே என்பார். ஒருநாள் இறக்கத்தில் மிச்சம் பிடிப்பதாக நினைத்து இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டினேன். கம்பியைத் தட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, மிச்சமாகிற டீசலை வைத்து என்னை எரிக்கப்போறியா என்று கேட்டார். அப்போது சிரித்தோம்.

டீசலுக்காகத்தான் இப்படிச் சொல்கிறார் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பெண்களுக்கு பஸ் இலவசமான பிறகு ஷேர் ஆட்டோவில் ஏற ஆளில்லை, மேல்மலையனூர் அமாவாசைக்குத்தான் நாலு பேர் சேருகிறார்கள், அதனால் சொட்டுச் சொட்டாகப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் அவர் சொன்ன மாதிரி ஓட்டப் பழகியதும் ஒன்றைக் கண்டேன் தம்பி. திரும்பி வரும்போது ஊசி குத்திய கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அவர் தூங்கினார். ஒரு குலுக்கல் இல்லை. டயரில் காற்று சரியாக இருந்து, முறுக்காமல், பிரேக் போடாமல் ஓட்டினால் டீசலும் மிச்சம், அவருக்கு வலியும் மிச்சம். அதற்கப்புறம் வாரம் தவறாமல் காற்று பார்க்கிறேன்.

கலைமதி நூலகத்திலிருந்து எரிபொருள் சிக்கனம் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எடுத்துவந்து, பின்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். எல்லாம் அவர் சொன்னதே அதில் இருந்தது. இதை எழுதினவன் நம்ம ஸ்டாண்டுல நின்னவனா இருக்கணும், என் கிட்ட கேட்காமலே அச்சுப் போட்டுட்டான் என்று ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். வண்டியில் தேவையற்ற சுமையை நீக்குங்கள் என்று ஒரு பக்கம் வந்தது. அன்றைக்கே உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார், எண்ணெய்ச் செக்குக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றின கூரைக் கேரியரைக் கழற்றினோம், நீ ஆசையாக வாங்கி மாட்டின ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றினோம், ஓட்டை ஜாக்கி, பழைய சங்கிலி எல்லாம் போயிற்று. கோபித்துக்கொள்ளாதே, பெட்டியைப் பத்திரமாகப் பரணில் வைத்திருக்கிறேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டேன், வரவில்லை. இன்னும் ஒரு பாரம் பாக்கி இருக்குது, அதையும் இறக்கிட்டா வண்டி நல்லா ஓடும் என்றார். எது என்று கேட்டேன். கண்ணாடி எதிரில் நிற்க முடிந்தால் காட்டுவேன் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எழுந்திருக்கவில்லை. கலைமதி அன்றைக்கே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், அதைத் தான் படித்ததால்தான் இப்படி ஆயிற்று என்கிறாள். இல்லை என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், இந்த வரியை எழுதச் சொன்னாலும் எழுதமாட்டேன் என்று அழுதுவிட்டு எழுதுகிறாள். நீயும் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்.

அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியதோ, வெளியே போய் வண்டியில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினேன். நியூட்ரலில் வைத்துக்கொண்டு சும்மா முறுக்கினேன். உள்ளேயிருந்து, அடிப்பாவி, அது உங்கப்பன் வீட்டு டீசலா, இன்ஜினைக் கொல்றியே என்று கத்திக்கொண்டே சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார், வந்து சீட்டில் உட்கார்ந்து திட்டினார், நான் அப்படியே வண்டியை எடுத்துவிட்டேன். திண்டிவனம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். அந்த வெள்ளியும் அப்படித்தான், போன செவ்வாயும் அப்படித்தான். நான் செய்வது தெரிந்துதான் வந்தாரோ என்னவோ.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை முறுக்கினேன். தெரு முழுக்கப் புகை. லட்சுமியம்மாள் வெளியே வந்து, ஏம்மா சாமுண்டி, புள்ளைங்க இருமுதுங்க, உனக்கு இன்னா பேய் புடிச்சிருக்குதா என்று கேட்டாள். நான் விடவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன், கண் திறந்துதான் படுத்திருந்தார், போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். திட்டவில்லை தம்பி. அதன் பிறகு வண்டியை எடுக்கவில்லை. கால் வீங்கியிருக்கிறது, படுத்தால் மூச்சு இழுக்கிறது, உட்கார்ந்தே தூங்குகிறார். இன்னொரு முறை டயாலிசிஸ் தவறக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

பொங்கலுக்கு முன்னால் கம்பெனியில் லீவு தரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், வா என்று எழுதி உன்னைக் கஷ்டப்படுத்த மாட்டேன். பணமும் கேட்கவில்லை. நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை விடியும்போது, நம் ஊர் ஆறு மணிக்கு, வாசலில் வண்டியை நிறுத்தி மறுபடி முறுக்குவேன். எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அந்த நேரம் நீ நைனா தலைமாட்டு போனுக்குக் கூப்பிடு. அழாதே, புத்தி சொல்லாதே, புத்தியெல்லாம் நானும் டாக்டரும் சொல்லியாகிவிட்டது. நைனா, அம்மா டீசலை அநியாயத்துக்கு எரிக்குது, எனக்கு இங்கே வரைக்கும் கேட்குது, போய் இன்னான்னு கேளுங்க என்று மட்டும் சொல். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டினால் போதும்.

உனக்கு அங்கே அப்போது விடிந்திருக்காது, அலாரம் வைத்துக்கொள், மறந்துவிடாதே. வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. நீ எங்கே இருந்தாலும் எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்க இந்தப் பெற்ற வயிறு வாழ்த்திக்கொண்டே இருக்கும்.

உன் அம்மா,
இரா. சாமுண்டீஸ்வரி
(கையெழுத்து மட்டும் நான் போட்டது, மற்றதெல்லாம் உன் தங்கை கலைமதி)