பாதியில் நின்ற கரண்டி

ஜனவரி 27, செவ்வாய்

"ரேஷ்மா மேடம், இவ்வளவு லேட்டா எழுதறதுக்கு மன்னிக்கணும். அய்மான் இப்பதான் தூங்கினான். ஒரே ஒரு சந்தேகம் —"

இதுவரைக்கும் போனில் டைப் பண்ணிவிட்டு அழித்தேன். ஸ்பீச் தெரபிஸ்டுக்கு இந்த நேரத்தில் யாராவது மெசேஜ் போடுவார்களா? அதனால் இங்கே.

சந்தேகம் இதுதான். அய்மானுக்கு வர்ற ஜூனில் மூணு வயசு. காது டெஸ்ட் நல்லபடியாக வந்துவிட்டது. சொல்வதெல்லாம் புரிகிறது. "செருப்பு எடுடா" என்றால் என் செருப்பையும் சேர்த்து எடுத்து வருகிறான். ஆனால் வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. அம்மா கூட இல்லை.

வருமா? வரலைன்னா? இதைத்தான் கேட்க நினைத்தேன். அவங்களுக்கும் இதற்குப் பதில் தெரியாது என்று தெரிந்தும்.

ஜனவரி 31, சனி

ராஜகீழ்ப்பாக்கத்தில் ரேஷ்மா மேடம் கிளினிக்குக்குப் போய் வந்தோம். மேடம் இன்று அவனைவிட எங்களைத்தான் அதிகம் கவனித்தார். என் வீட்டுக்காரர் ஜமீர், பையிலிருந்து தண்ணி பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அவன் வாயில் வைத்தார். நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொடுத்தேன்.

"தாகம்னு அவன் சொன்னானா சார்?"

"அவன் எங்க மேடம் சொல்லப் போறான்?" என்றார் இவர்.

"அவனுக்குச் சொல்ல வேண்டிய வேலையே இல்லையே."

என் முகம் போன போக்கை மேடம் பார்த்திருக்க வேண்டும். "உங்களால இப்படி ஆச்சுன்னு சொல்லல சாஜிதா. சில குழந்தைங்களுக்கு லேட்டாகும். அவன் கேக்கறதுக்கு நாம ஒரு இடம் விட்டுக் குடுக்கலாம், அவ்வளவுதான். கொஞ்சம் குடுங்க, நிறுத்துங்க, அவன் முகத்தைப் பாருங்க. கேக்கலைன்னா நீங்களே அந்த வார்த்தையைச் சொல்லிட்டுக் குடுத்துடுங்க. ஏங்க மட்டும் விடாதீங்க."

வண்டியில் வரும்போது இவர் புலம்பிக்கொண்டே வந்தார். "எங்க வீட்டுக்கு வந்தவங்க வாயைத் திறந்து தண்ணி கேட்டுட்டா, அத்தா எங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார். கேக்கறதுக்கு முன்னாடி குடுக்கணும்னு சொல்லியே வளர்த்தாங்க. இந்தம்மா நிறுத்துங்கறாங்க."

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். கேட்டு வாங்க வைப்பது என்றால் அவமானம். பெற்ற பிள்ளையிடம் எப்படி?

பிப்ரவரி 4, புதன்

காத்திருப்பது எங்களுக்கு வரவில்லை. நான் அஞ்சு எண்ணுவதற்குள் கை தானாக நீண்டுவிடுகிறது.

திருமுடிவாக்கம் லேத்துப் பட்டறையிலிருந்து இவர் சீக்கிரம் வந்து, வாழைப்பழத்தைப் பாதி உரித்துவிட்டு, மேடம் சொன்ன மாதிரி முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அய்மான் இவரைப் பார்த்தான். பழத்தைப் பார்த்தான். பிறகு இவர் மணிக்கட்டைப் பிடித்து, நிதானமாகத் தன் வாய்க்குத் திருப்பிக்கொண்டான்.

"லேத்து ஹேண்டிலைத் திருப்பற மாதிரி திருப்பறான் சாஜி. நல்ல ஆபரேட்டரா வருவான்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவனும் சிரித்தான்.

பிப்ரவரி 9, திங்கள்

கீழ் வீட்டு பேபி அக்காவிடம் திட்டு வாங்கினேன். ஹவுஸ் ஓனர் வேறு. கேட் பக்கத்தில் நான் ரஸ்க்கை வைத்துக்கொண்டு காத்திருந்ததைப் பார்த்துவிட்டார்கள்.

"இன்னாம்மா, படிச்ச பொண்ணு நீ. துன்றத கையில வெச்சுகினு புள்ள மூஞ்சியவே பாத்துகினு கீற? வாயில்லாத புள்ளம்மா அது."

சொல்லி முடிப்பதற்குள் அவங்க கையிலிருந்த முறுக்கு, கேட் கம்பி வழியாக அவன் கைக்குப் போய்விட்டது.

வாயில்லாத புள்ள. மேலே வந்து அழுதேன். நான் என்ன கொடுமைக்காரியா? எனக்கு மட்டும் ஆசையா இப்படி உக்காந்துக்கிட்டு இருக்க? ஒரு தடவை அம்மான்னு கூப்புட்டா போதும் எனக்கு. ஒரே தடவை.

பிப்ரவரி 13, வெள்ளி

ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் நோன்புக் கஞ்சி வாங்க அய்மானைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். என் கையில் பெரிய தூக்கு, அவன் கையில் அவனுடைய குட்டித் தூக்கு. பெரிய கஞ்சி தேக்சா பக்கத்தில் நின்று பாட்சா பாய் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் யாரையும் கேட்க விடமாட்டார், பாத்திரத்தை நீட்டினால் நிரம்பித்தான் திரும்பும். எனக்கு ஊற்றினார். அய்மான் தூக்கில் ஒரு கரண்டி ஊற்றினார். அடுத்த கரண்டியை அள்ளும்போது வரிசையில் யாரோ இடித்துத் தள்ள, அந்தப் பக்கம் திரும்பிச் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். "தள்ளாத மச்சான், கஞ்சி ஓடியா போவுது?"

கரண்டி பாதியில் நிற்கிறது. ஆவி பறக்கிறது. அய்மான் அந்தக் கரண்டியையே பார்த்தான்.

"ஊத்து."

தெளிவாக. கொஞ்சம் அதட்டலாகக் கூட.

"ஊத்தறேன் தம்பி, இன்னா அவசரம்," என்று பாட்சா பாய் ஊற்றினார். எந்தப் பிள்ளைக்கும் சொல்கிற மாதிரியே சொன்னார். அடுத்த பாத்திரத்துக்குப் போய்விட்டார்.

நான் நகரவே இல்லை. "பாய், இவன் இப்ப என்ன சொன்னான்?"

"ஊத்துன்னான். ஏம்மா, கம்மியா கீதா? இந்தா." இன்னொரு கரண்டி விழுந்தது.

நோன்பு திறக்கிற நேரத்தில் இவரிடம் சொன்னேன். பேரீச்சம்பழம் இவர் கையிலேயே இருந்தது. "பாட்சா பாய் கிட்டயா சொன்னான்?" என்று மட்டும் கேட்டார். பிறகு அய்மான் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். இன்னொரு ஸ்பூன், மறுபடியும் காத்திருந்தார். அவன் சாப்பிட்டான், பேசவில்லை. இவர் கஞ்சி ஆறிப்போனது.

என் வயிற்றில் பிறந்தவன் முதல் வார்த்தையைக் கஞ்சிக் கரண்டியிடம் சொல்லியிருக்கிறான். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பிப்ரவரி 25, புதன்

இன்று சொல்லவில்லை. நானாகக் கற்பனை பண்ணிக்கொண்டேனா? இல்லை, பாய்க்கும் கேட்டதே.

பிப்ரவரி 28, சனி

குளிக்க வைக்கும்போது தண்ணி மக்கை அவன் தலைக்கு மேலே தூக்கி, அப்படியே நிறுத்தினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

"ஊத்து."

ஊற்றினேன். "ஊத்து." ஊற்றினேன். வாளி காலியாகும்வரை. என் சுடிதார் முழுக்க ஈரம். ரேஷ்மா மேடத்திடம் சொன்னபோது, "அதே வார்த்தை வேற இடத்துலயும் வருது பாருங்க, அதான் முக்கியம்," என்றார். குரலில் சிரிப்பு இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

பேபி அக்கா செடிக்குத் தண்ணி விடுகிற ஹோஸ் பைப்பை மடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தண்ணி நின்றுவிட்டது. அய்மான் ரோஜாத் தொட்டியைக் காட்டி, "ஊத்து" என்கிறான். பைப்பை விடுகிறார்கள். மறுபடி மடிக்கிறார்கள்.

மாடியிலிருந்து நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இன்னா பாக்கற? நீ ஒருத்தி தான் டீச்சரா?" என்றார்கள். ரோஜா வேர் அழுகாமல் இருந்தால் சரி.

மார்ச் 24, செவ்வாய்

இந்தத் தடவை மெசேஜை அழிக்கவில்லை. மத்தியானமே அனுப்பிவிட்டேன். அப்படியே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"ரேஷ்மா மேடம், நல்லா இருக்கீங்களா? நோன்புப் பெருநாள் அன்னிக்கு சேமியா பாயசம் கிளாஸை நீட்டி, 'அம்மா, ஊத்து'ன்னான். ரெண்டு வார்த்தை மேடம், ஒண்ணா. நான் ஊத்தினேன். அப்புறம் அவங்க அத்தா ஊத்தினார். கீழ போனா பேபி அக்கா ஊத்தினாங்க. ராத்திரி பூரா வயிறு உப்பிக்கிட்டு உருண்டான். அவன் வாயைத் திறந்து கேட்டா எங்க யாருக்கும் இல்லைன்னு சொல்ல வரல. அதனால அடுத்தது 'போதும்'னு சொல்லக் கத்துக்குடுக்கணும். எப்படி ஆரம்பிக்கறது? சீக்கிரம் பதில் போடுங்க."